பேச்சு தாமதமாகும் குழந்தை: எங்கே தொடங்குவது, எந்தப் பள்ளியில் சேர்ப்பது?

வணக்கம். இரண்டு வயது நிறைந்த குழந்தை 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவில்லை என்றால், காரணத்தை அப்போதே கண்டறிய வேண்டும். "இவங்கப்பனும் நாலு வயசுலதான் பேசுனான்" என்று நம் கொங்குப் பகுதி வீடுகளில் அப்பத்தாவோ அம்மிச்சியோ சொல்வது அன்பினால்தான்; ஆனால் அந்த ஆறுதலிலேயே விலைமதிப்பற்ற ஓரிரு ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன.

முதலில் பார்க்க வேண்டியது காது. கதவைத் தட்டினால் திரும்புகிற குழந்தைக்கும் 'ச', 'த' போன்ற மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம். குழந்தை பதில் சொல்லத் தேவையில்லாத ஓ.ஏ.இ., பெரா ஆகிய பரிசோதனைகள் இதைக் காட்டிவிடும். மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, டி.இ.ஐ.சி. எனப்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கடுமையான செவித்திறன் குறைபாட்டுக்கு உட்காதில் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவைச் சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வழியுண்டு, ஆனால் வயது வரம்பும் உண்டு.

காது நன்றாக இருந்தும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமலும் வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டாமலும் இருந்தால், பிறரோடு பழகுவதையும் தொடர்புகொள்வதையும் பாதிக்கும் ஆட்டிசம் என்ற வளர்ச்சி வேறுபாடு குறித்தும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அடுத்து பேச்சுப் பயிற்சி. இதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். வாரத்தில் ஓரிரு முறை நடக்கும் முக்கால் மணி நேரப் பயிற்சி மட்டும் போதாது. ஆகவே பெற்றோரை வெளியே உட்கார வைக்காமல், உள்ளே அழைத்துச் செய்முறையைக் கற்றுத்தரும் பயிற்சியாளரைத் தேடுங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போகும் தாய்க்கும் இது முடியும்: குளிக்க வைக்கும்போது கை, கால் என்று பெயர் சொல்வது, பாலையும் வாழைப்பழத்தையும் காட்டி எது வேண்டும் என்று கேட்டுவிட்டு, குழந்தை ஓர் ஒலியோ சைகையோ தரும்வரை பொறுமையாகக் காத்திருப்பது. பல வீடுகளில் அந்தக் காத்திருப்புத்தான் இல்லை. வேண்டியதைச் சுட்டிக் காட்டிக் கேட்கப் படஅட்டைகளைக் கொடுத்தால் பேச்சு வராது என்ற அச்சமும் தேவையற்றது. அவை பேச்சைத் தடுப்பதில்லை.

பள்ளி ஆங்கில வழி என்பதற்காக வீட்டிலும் ஆங்கிலமே பேச வேண்டியதில்லை. இரண்டு மொழிகள் கேட்டு வளர்வதால் பேச்சுத் தாமதம் உண்டாவதில்லை. வீட்டில் தமிழோ, தெலுங்கோ, கன்னடமோ, உங்களுக்கு இயல்பாக வரும் மொழியிலேயே நிறையப் பேசுங்கள்.

சொன்னதைப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு, மற்ற பிள்ளைகளோடு பழகும் அங்கன்வாடியும் சாதாரணப் பள்ளியுமே ஏற்றவை என்பது என் கருத்து. செவித்திறன் குறைபாடோ, வேறு கூடுதல் தேவைகளோ உள்ள சில குழந்தைகளுக்குச் சிறப்புப் பள்ளி கூடுதலாக உதவும். 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாட்டுச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தருகிறது. சேர்ப்பதற்கு முன் தலைமையாசிரியரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: வகுப்பில் எத்தனை பிள்ளைகள், பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருகிறாரா, வாய்விட்டுச் சொல்ல முடியாத குழந்தை படத்தைக் காட்டியோ சைகையிலோ பதில் சொன்னால் ஆசிரியர் ஏற்பாரா.