வீட்டுக்காரர் வாடகை ஏற்றிய கதை: இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் தப்பியது எப்படி?

ஒரு வீட்டுக்குக் குடி போகிறீர்கள். வீட்டுக்காரர் சொல்கிறார்: "பத்து வருடம் இருந்துகொள்ளுங்கள். ஆனால் வருடா வருடம் வாடகையை 15 சதவீதம் ஏற்றுவேன். உங்களுக்குச் சம்பளம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி." கையெழுத்துப் போடுவீர்களா?

போட்டார்கள். பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள், ஏலத்தில் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு வந்து போட்டார்கள். வீட்டுக்காரர் இந்திய அரசு. வீடு, கண்ணுக்கே தெரியாத ஓர் அலைவரிசை.

(திரையில்: ஒரு பழைய ரேடியோ. முள் மெல்ல நகர்ந்து 91-ல் நிற்கிறது.)

வணக்கம். இன்றைக்குப் பெங்களூர் ரேடியோ சிட்டியின் கதை. 2001 ஜூலை 3-ஆம் தேதி ஒலிக்கத் தொடங்கிய, இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் நிலையம்.

முன்கதையை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். இந்தியாவில் எஃப்எம் முதலில் வந்தது நம்ம மதராஸுக்குத்தான், 1977 ஜூலை 23. வானொலி அப்போது முழுக்க அரசின் கையில். 1993-ல் ஆல் இந்தியா ரேடியோ தன் எஃப்எம்மில் சில மணி நேரத்தைத் தனியாருக்கு விற்றது. அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1998-ல் அந்த நேர விற்பனை நின்றது. 1999-ல் "இனி நிலையமே நடத்துங்கள்" என்று அரசு கதவைத் திறந்தது. முடிந்தது வரலாற்று வகுப்பு.

இப்போது ஏலத்துக்கு வருவோம். எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

40 ஊர்கள், 108 அலைவரிசைகள். 80 கோடி ரூபாய் போல வரும் என்று அரசு எதிர்பார்த்தது. ஏலத்தில் கேட்கப்பட்ட தொகை 425 கோடி! மும்பையில் ஒரு அலைவரிசைக்கு ஆண்டுக் கட்டணம் 9.75 கோடி. இது முதல் வருடத்துக்கு மட்டும். அப்புறம்தான் அந்த 15 சதவீதம்.

கால்குலேட்டரை எடுங்கள். 9.75 கோடியை 1.15-ஆல் பெருக்கிக்கொண்டே போங்கள். ஆறாவது வருடம் தொகை இரண்டு மடங்காகி 19 கோடியைத் தாண்டும். பத்தாவது வருடம் 34 கோடி. பத்து வருடத்துக்கும் கூட்டினால் ஏறக்குறைய 198 கோடி. இது அனுமதிக் கட்டணம் மட்டும்தான். பாட்டுக்கு உரிமைத்தொகை, கரண்ட் பில், ஆர்ஜே சம்பளம், ஆர்ஜேக்குத் தொண்டை கட்டினால் சுக்கு காப்பி, எல்லாம் தனி. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கும் பெங்களூர் வீட்டுக்காரர்கள்கூட இவ்வளவு துணிய மாட்டார்கள்.

விளைவு? ஜெயித்தவர்களில் பலர் பணம் கட்டாமலே நழுவினார்கள். 108-ல் உண்மையில் ஒலித்தவை 21, அதுவும் 12 ஊர்களில்.

இதை நம் ஊர் விவசாயக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். குத்தகை என்றால் மழை பெய்தாலும் பொய்த்தாலும் பேசிய நெல்லை அளந்துவிட வேண்டும். வாரம் என்றால் விளைந்ததில் பங்கு. குத்தகைக்கு விட்ட நிலத்துக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். வாரத்துக்கு விட்டவரோ, உழுகிறவரோடு சேர்ந்து தானும் வானத்தைப் பார்ப்பார். 1999-ல் அரசு கொடுத்தது குத்தகை, அதிலும் வருடா வருடம் ஏறும் குத்தகை. விளம்பர மழை எப்போது பெய்யும் என்று யாருக்கும் தெரியாத ஒரு புதுத் தொழிலுக்கு!

2003-ல் அமித் மித்ரா தலைமையில் ஒரு குழு போட்டார்கள். பிறகு மேற்கு வங்க நிதியமைச்சர் ஆனாரே, அவரேதான். வாரத்துக்கு மாறுங்கள் என்பதுதான் அந்தக் குழு சொன்னதன் சாரம். 2005-ல் கொள்கை மாறியது: நுழையும்போது ஒரு முறை ஏலத்தொகை, அப்புறம் வருமானத்தில் 4 சதவீதம். பழைய நிலையங்களும் இதற்கு மாறிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால், இன்று உங்கள் ஊரில் எஃப்எம் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் எந்த ஆர்ஜேயின் குரலும் இல்லை, இந்த 4 சதவீதம்தான். (ஆர்ஜே நண்பர்களே, கோபித்துக்கொள்ளாதீர்கள்.)

ரேடியோ சிட்டிக்கு இதில் ஒரு குருட்டு அதிர்ஷ்டமும் உண்டு. போட்டியாளர்கள் வராததால், 2006 வாக்கில் மற்றவர்கள் வந்து சேரும்வரை பெங்களூரில் அதுதான் தனிக்காட்டு ராஜா. பிறகு 2015-ல், இந்தி நாளிதழ் நடத்தும் ஜாக்ரண் குழுமத்தின் கைக்குப் போனது, 2017-ல் பங்குச்சந்தைக்கு வந்தது.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? ஓட்டு எண்ணும் நாளில்கூடத் தனியார் எஃப்எம்மில் பாட்டுதான் ஓடும். சொந்தமாகச் செய்தி வாசிக்க அவர்களுக்கு அனுமதி இல்லை. 2011 கொள்கையில் கொஞ்சம் தளர்த்தினார்கள்: ஆல் இந்தியா ரேடியோவின் செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம். கூடவே எதெல்லாம் செய்தி இல்லை என்று ஒரு பட்டியலும் வந்தது. சாலை நெரிசல் செய்தி இல்லை. மழை செய்தி இல்லை. கரண்ட், தண்ணீர் பற்றிய அறிவிப்பும் செய்தி இல்லை. நெரிசலுக்குப் பேர்போன பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரமாக நிற்கிறவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ரேடியோ சிட்டியின் இப்போதைய அனுமதி 2030 மார்ச் வரை. அதில் ஒரு சின்ன விஷமம்: 4 சதவீதம், அல்லது அந்த ஊருக்கான நுழைவுத்தொகையில் 2.5 சதவீதம், எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். வாரத்துக்குள் ஒரு குட்டிக் குத்தகையை ஒளித்துவைத்துவிட்டார்கள், பார்த்தீர்களா?

(திரையில்: எண்கள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக.)

போவதற்கு முன் ஒரு விளையாட்டு. சென்னையில் ரேடியோ சிட்டி 91.1, பிக் 92.7, சூரியன் 93.5. 91.1-இலிருந்து 0.8 கூட்டிக்கொண்டே போங்கள்: 91.9, 92.7, 93.5, 94.3. ஒரே ஊரில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இரையாமல் இருக்க இவ்வளவு இடைவெளி விடுகிறார்கள். ஒன்பதாவது படியில் 98.3, நம்ம மிர்ச்சி. ஆனால் ஹலோ எஃப்எம்மின் 106.4 இந்த ஏணியில் வராது. நூறுக்கு மேல் 103 சொச்சம் வரை ஆல் இந்தியா ரேடியோவின் இடம். அதைத் தாண்டி 104-இல் புது ஏணி போட்டு மூன்று படி ஏறுங்கள், ஹலோ வந்துவிடும். உங்கள் ஊர் எஃப்எம் எத்தனையாவது படியில் இருக்கிறது? எண்ணிப் பார்த்து கமெண்டில் போடுங்கள். ஏணியிலேயே வராத எண் எதையாவது பிடித்தால் அதை முதலில் போடுங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.