ஸ்கூட்டர் வாங்கினால் எழுதிக் கொடுக்கணும், மந்திரிக்கு அது இல்லையா?

அடுத்த கேள்வி, திருச்சியிலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. படித்துவிடுகிறேன். "சார், என் கணவர் மத்திய அரசு அலுவலகத்தில் யூ.டி.சி., அதாவது மேல்நிலை எழுத்தர். போன வாரம் 95,000 ரூபாய்க்கு என் பெயரில் ஸ்கூட்டர் எடுத்தோம். ஆபீஸில் எழுதிக் கொடுத்தாயா என்று கேட்கிறார்களாம். மந்திரிகள் குடும்பமே கம்பெனி நடத்துகிறது, அவர்களை யார் கேட்கிறார்கள்?"

கோபம் நியாயமானதுதான். முதலில் ஸ்கூட்டரைப் பார்த்துவிடுவோம். மத்திய அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1964-இல் 18-ஆவது விதி. அசையும் சொத்து ஒன்றின் மதிப்பு இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால், வாங்கிய ஒரு மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். யூ.டி.சி.க்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 25,500. இரண்டு மாதத்துக்கு 51,000. ஸ்கூட்டர் தாண்டிவிட்டது. உங்கள் கணவர் சில வருஷம் சர்வீஸ் போட்டவர் என்றால் அவருடைய இன்றைய அடிப்படைச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள். வீடு, மனை என்றால் வாங்கிவிட்டுச் சொல்வது ஆகாது, முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஷேர் வாங்கி விற்பதற்குத் தனிக் கணக்கு: வருஷத்தில் ஆறு மாத அடிப்படைச் சம்பளத்தைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும் என்று 2019-இல் சுற்றறிக்கை வந்தது.

நானும் அரசு வேலையில் இருந்தவன்தான். அந்தப் படிவத்தை எத்தனையோ முறை நிரப்பியிருக்கிறேன். என்ன பொருள், என்ன விலை என்பதெல்லாம் சும்மா. உயிர் இரண்டு கேள்வியில்தான் இருக்கிறது. பணம் எங்கிருந்து வந்தது? விற்றவருக்கும் உமக்கும் அலுவலக ரீதியாக ஏதாவது தொடர்பு உண்டா? நீங்கள் யாருடைய ஃபைலைப் பார்க்கிறீர்களோ அவரிடமே பொருளும் வாங்குகிறீர்களா என்பதுதான் அந்த இரண்டாவது கேள்வி. 'ஆம்' என்றால் தகவல் சொல்லித் தப்ப முடியாது, முன் அனுமதியே வாங்க வேண்டும். அதேபோல மகன் வேலை பார்க்கிற கம்பெனியின் டெண்டர் உங்கள் மேஜைக்கு வந்தால் நீங்கள் கையெழுத்துப் போடக் கூடாது, மேலதிகாரியிடம் தள்ளிவிட வேண்டும். அது 4-ஆவது விதி. நலன் முரண் என்று பேப்பரில் எழுதுகிறார்களே, அது இவ்வளவுதான்.

சரி, மந்திரிக்கு வருவோம். விதியே இல்லை என்று நினைக்காதீர்கள். அமைச்சர்களுக்கும் நடத்தை நெறி இருக்கிறது, 1964-இலிருந்தே. பதவியேற்கும் முன் சொத்து, கடன், தொழில் எல்லாவற்றையும் பிரதமரிடமோ முதலமைச்சரிடமோ சொல்ல வேண்டும். தொழிலின் நிர்வாகத்திலிருந்து விலக வேண்டும், பொதுவாகப் பங்கை விற்க வேண்டியதில்லை. அரசுக்கு அசையாச் சொத்து விற்கவோ அரசிடம் வாங்கவோ கூடாது. படித்துப் பார்த்தால் குறையே சொல்ல மாட்டீர்கள்.

ஆனால் மீறினால் என்ன ஆகும்? அதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது, டான்சி வழக்கு. 1992-இல் கிண்டியில் அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை, அப்போதைய முதல்வர் ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள் வாங்கின. 2000-இல் தனி நீதிமன்றம் தண்டித்தது, 2001-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் விடுதலையை உறுதி செய்தது. குறைந்த விலைக்கு வாங்கினார் என்பது நிரூபிக்கப்படவில்லை. என்னைக் கேட்டால் இன்னொரு காரணம்தான் முக்கியம். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 169-ஆவது பிரிவு, 'வாங்கக் கூடாது என்று சட்டப்படி கட்டுப்பட்ட' பொது ஊழியர் வாங்கினால் குற்றம் என்கிறது. அமைச்சர்களின் நடத்தை நெறி சட்டம் இல்லையே, அதனால் அவர் 'சட்டப்படி கட்டுப்பட்டவர்' ஆக மாட்டார். மனசாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும் என்ற ரீதியில் நீதிமன்றம் அறிவுரை சொன்னது. யூ.டி.சி.க்கு சார்ஜ் மெமோ வரும், மந்திரிக்கு மனசாட்சிதான். அந்த 169 இன்று பாரதிய நியாய சன்ஹிதாவில் 203. நம்பர் மாறியிருக்கிறது, அந்த வார்த்தைகள் மாறவில்லை.

தேர்தலில் நிற்கும்போது மட்டும் நிலைமை கொஞ்சம் தேவலை. 2002, 2003 உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுக்குப் பிறகு, படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் தன் சொத்து, மனைவி அல்லது கணவர் சொத்து, தன்னை நம்பியிருப்போர் சொத்து எல்லாம் வர வேண்டும். 2018-இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. வருமானம் எங்கிருந்து வருகிறது, குடும்பத்துக்கு அரசு ஒப்பந்தம் உண்டா என்பதும் சேர்ந்தது. தேர்தல் ஆணைய இணையதளத்தில் உங்கள் தொகுதி வேட்பாளருடையதை இறக்கிப் பாருங்கள், பொழுது போவதே தெரியாது. பொய் சொன்னால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒன்றைக் கவனியுங்கள். வேட்பாளரே நேரடியாக அரசு ஒப்பந்தம் வைத்திருந்தால் அதே சட்டத்தின் 9ஏ பிரிவில் தகுதி போகும். அதே ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தால் எழுதிக் காட்டினால் போதும்.

அம்மா, இப்போது உங்கள் ஸ்கூட்டர். உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில், தையலோ டியூஷனோ, அந்தப் பணத்தில் வாங்கியிருந்தால் உங்கள் கணவர் தெரிவிக்க வேண்டியதில்லை. பாஸ்புக் நகல் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அவர் பணம் என்றால் உங்கள் பெயரில் இருந்தாலும் அவர்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். போன வாரம்தானே வாங்கினீர்கள், இன்னும் நாள் இருக்கிறது. பில், ஆர்.சி. நகலோடு நாளைக்கே கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீல் வாங்கி வரச் சொல்லுங்கள்.