எர்த் ஒயர மாத்துறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

நேயர்களுக்கு வணக்கங்க. கார் எலக்ட்ரிக்கல் வேலையப் பத்திப் பேசச் சொல்லிருக்காங்க. பேச எவ்வளவோ இருக்கு, நான் எடுத்துக்கிட்டது பானெட்டத் தொறந்தா யாருமே கண்டுக்காத அந்தக் கருப்பு ஒயர், அதாங்க எர்த் ஒயர்.

பேட்டரி மைனஸ்லேந்து பாடிக்கு ஒண்ணு போகும், இன்ஜினுக்கோ கியர்பாக்ஸுக்கோ இன்னொண்ணு போகும். இன்ஜினுக்கு எதுக்குத் தனியான்னு கேப்பீங்க, இன்ஜின் உக்காந்திருக்கறது ரப்பர் மவுண்ட் மேல, ரப்பர்ல கரண்ட் போகாது, ஆனா செல்ஃப் மோட்டார் இன்ஜின்லதான் மாட்டிருக்கு, செல்ஃப் அடிக்கிற அந்த ரெண்டு செகண்டுல சாதாரண பெட்ரோல் காருக்கே 100, 150 ஆம்பியர் போகும், டீசலுக்கு இன்னும் ஜாஸ்தி, பிளஸ்ல போன அவ்வளவும் இந்த எர்த் வழியாத்தான் பேட்டரிக்குத் திரும்பணும். வழி சரியில்லன்னா அது வேற வழி தேடிக்கும். பழைய வண்டில ஆக்ஸிலேட்டர் கேபிளோ கிளட்ச் கேபிளோ தொட முடியாத அளவுக்கு சூடாகுதுன்னா சந்தேகமே வேணாம், இன்ஜினுக்குப் போற எர்த் ஒயரப் பாருங்க.

பெரும்பாலும் என்ன நடக்குதுன்னா, காலைல செல்ஃப் இழுத்து இழுத்து அடிக்கும், இல்ல டக்குன்னு ஒரு சத்தத்தோட நின்னுடும், உடனே பேட்டரி போச்சுன்னு புதுசு வாங்கிடுவாங்க. புது பேட்டரில கொஞ்ச நாள் ஓடும், திரும்பவும் அதே கதை.

ஒரு சாதா மல்டிமீட்டர் இருந்தா போதுங்க. டிசி வோல்ட்ல வச்சுக்கோங்க, ஒரு முள்ள பேட்டரி மைனஸ் போஸ்ட்லயே குத்தணும், மேல மாட்டிருக்கற கிளாம்ப்ல இல்ல, இன்னொரு முள்ள இன்ஜின்ல பெயின்ட் இல்லாத இடமா பாத்து வைங்க, வண்டிய நியூட்ரல்ல போட்டு யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு, விட்டுடுங்க. அரை வோல்ட் காட்டுதுன்னா கண்டிப்பா வேலை இருக்கு. ஓம்ஸ்ல வச்சுப் பாக்கறது பிரயோஜனமில்ல, உள்ள கம்பியெல்லாம் அத்துப்போய் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் ஜீரோன்னுதான் காட்டும்.

இப்ப இந்த எர்த்திங் கிட் விஷயத்துக்கு வர்றேன். கலர் கலரா அஞ்சாறு ஒயர், மாட்டினா பிக்கப் ஏறும் மைலேஜ் ஏறும்னு விக்கறாங்க. கணக்கு போட்டுப் பாப்போமே. 16 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர் அரை மீட்டர்ல 150 ஆம்பியர் போனா சுமார் 0.09 வோல்ட் விழும், அதையே 35 ஸ்கொயராக்கினா 0.04 வோல்ட். மிச்சம் வெறும் 0.05, அதுவும் செல்ஃப் அடிக்கும்போது மட்டும். அதே நேரத்துல துருப்பிடிச்ச ஒரு ஜாயின்ட் 4 மில்லி ஓம் இருந்தாலே 0.6 வோல்ட்ட முழுங்கிடும். அப்போ காசு போட வேண்டியது ஒயர் தடிமன்லயா, ஜாயின்ட்லயா?

ஜாயின்ட் வேலைக்கு உப்புத்தாள், ஸ்பேனர், கொஞ்சம் வேஸ்லின் போதும். மைனஸத்தான் முதல்ல கழட்டணும், கடைசில மாட்டணும், இல்லன்னா பிளஸ்ல வச்ச ஸ்பேனர் பாடில பட்டு பொறி பறக்கும். பேட்டரி டெர்மினல்ல வெள்ளையா பூத்திருந்தா சோடா உப்பு கலந்த வெந்நீர் ஊத்திக் கழுவி நல்லா காயவிடுங்க. பாடில போல்ட் உக்கார்ற இடத்த பளபளன்னு உலோகம் தெரியற வரைக்கும் தேய்ங்க, டிங்கரிங் பெயின்டிங் முடிஞ்சு வந்த வண்டில பாதி கம்ப்ளைண்ட் இங்கதான், லக்குக்கு, அதாவது ஒயர் முனைல போல்ட் மாட்டற வளையத்துக்கு, அடியில பெயின்ட் அடிச்சு அதுமேலயே முறுக்கிருப்பாங்க. டைட் பண்ணினப்புறம் மேலாக்க வேஸ்லின் தடவுங்க. ஈசிஆர் பக்கம், தூத்துக்குடி பக்கம்னு உப்புக்காத்து படற ஊர்ல இருக்கறவங்க வருஷத்துக்கு ஒரு தடவ இதப் பாத்துடறது நல்லது.

ஒயரே உள்ள பச்சையா அரிச்சுப்போச்சு, இல்ல பெரிய ஆம்ப்ளிஃபயர் போடறீங்கன்னா மாத்தத்தான் வேணும். அப்பவும் முழு காப்பரா கேட்டு வாங்குங்க, அலுமினியத்துக்கு மேல காப்பர் பூசினதும் பாக்க ஒண்ணு மாதிரியேதான் இருக்கும். லக்க சுத்தியலால அடிச்சு நசுக்காம கிரிம்பிங் டூல்ல அழுத்தி ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடச் சொல்லுங்க. இன்ஜினுக்குப் போற ஒயர விறைப்பா இழுத்துக் கட்டாதீங்க, இன்ஜின் ஆடும்போது லக் பக்கத்துலயே அத்துடும்.

இன்னொரு சின்ன விஷயம், பிரேக்க மிதிச்சா இண்டிகேட்டரும் சேந்து மினுக்குதுன்னா அது பேட்டரி பக்கம் இல்ல, பின்னாடி லைட்டோட எர்த், டிக்கிக்குள்ள இருக்கும்.

இப்ப வர்ற நிறைய வண்டில மைனஸ் டெர்மினல்லயே ஒரு சென்சார் உக்காந்திருக்கு, போற வர்ற கரண்ட அதுதான் கணக்கு பண்ணுது. அந்த மாதிரி வண்டில ஆம்ப்ளிஃபயர் எர்த்த நேரா பேட்டரி போஸ்ட்ல குடுக்காதீங்க, பாடில குடுங்க, இல்லன்னா சார்ஜ் கணக்கே தப்பாயிடும். அப்புறம் ஹைபிரிட், எலக்ட்ரிக் கார் வச்சிருக்கறவங்க அந்த ஆரஞ்சு கலர் கேபிள் பக்கம் போகவே போகாதீங்க, அது 12 வோல்ட் இல்ல, சில நூறு வோல்ட், ஆளையே அடிச்சிடும். நன்றிங்க.