மெரினா மணல் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம். வடசென்னையில் பல ஆண்டுகள் கல்லூரி மாணவர்களுக்குப் புவியியல் நடத்தியவன் நான். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும், "நாளைக்கு எங்கே போகிறீர்கள்?" என்று கேட்பேன். "மெரினா, ஐயா" என்பார்கள். திருவொற்றியூரில் கடலோரமாகவே குடியிருக்கும் பிள்ளைகளும் அதையேதான் சொல்வார்கள். தாராளமாகப் போகட்டும். ஆனால் அந்த மணல் அங்கே எப்படிச் சேர்ந்தது என்று தெரிந்துகொண்டு போகவேண்டும்.

நம் கரையில் மணல் ஓரிடத்தில் கிடப்பதில்லை. ஆண்டின் பெரும்பாலான மாதங்களில் அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 1870களில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். வந்த மணல் சுவரில் முட்டி நின்றது. தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்ப் பக்கம் அலை வந்தது, மணல் வரவில்லை. கரை கரைந்தது. மறுபடியும் சொல்கிறேன்: மெரினாவில் நாம் கால் புதைய நடக்கிறோமே, அந்த மணல் நம் வடசென்னைக் கரைக்கு வந்திருக்கவேண்டியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைத் திருவொற்றியூருக்கு அழைத்துப்போனேன். பட்டினத்தார் சமாதியைப் பார்த்துவிட்டு, கருங்கல் கொட்டிய கரையோரம் நின்றிருந்தோம். எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி மீன் கூடையோடு அந்த வழியாக வந்தார். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கடலைக் காட்டி, அங்கேதான் தங்கள் தெரு இருந்தது என்றார். வீடு, அதற்கு முன்னால் படகு ஏற்றிவைக்கும் மணல்மேடு, பின்னால் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு. பேத்திக்கு அன்றுவரை இதெல்லாம் தெரியாது. "கிணறு எந்த இடம், ஆயா?" என்று கேட்டாள். பாட்டி ஒரு கல்லை எடுத்து அலைக்குள் வீசி, "அது விழுந்த இடம்" என்றார். பிள்ளைகள் அவரை விடவில்லை. வெயில் ஏறும்வரை கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

இப்போது அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவுகள், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்கள், போட்டிருக்கிறார்கள். ஒரு வளைவுக்குத் தெற்கே மணல் சேர்ந்தால் அதற்கு வடக்கே அரிப்பு தொடங்கும். துறைமுகச் சுவர் செய்த அதே வேலைதான். புவியியல் படிக்கும் பிள்ளைகள் இதை நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

பழவேற்காடு ஏரியைப் பற்றியும், அங்குள்ள டச்சுக் கல்லறைகளைப் பற்றியும் விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன்; நேரம் முடிந்துவிட்டதாகக் கை காட்டுகிறார்கள். திருவொற்றியூர் வழியாக விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ ரயில் ஓடுகிறது. காலையிலேயே கிளம்புங்கள். வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். வணக்கம்.