அனுமதி கேட்க வேண்டாத பாதை

தலைவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் நண்பர்களே,

பிராட்பேண்ட் கொள்கை என்றதும் இணைய வேகத்தையும், பதிக்கப்பட்ட வடத்தின் நீளத்தையும், ஒதுக்கப்பட்ட நிதியையும் பற்றியே பேசிப் பழகிவிட்டோம். அவை வேண்டியவைதாம். ஆனால், பொருளாதாரத்தில் புதுமை பெருக வேண்டும் என்று உண்மையாகவே விரும்பும் ஓர் அரசு அவற்றுக்கு முன்பாகக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்த வலையமைப்பில் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்க நினைப்பவர் யாரிடம் போய் அனுமதிக்காக நிற்க வேண்டியிருக்கிறது?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் தாமஸ் கார்ட்டர் என்பவர் ஒரு சிறு கருவியைச் செய்து விற்றுவந்தார். தொலைபேசியின் ரிசீவரை எடுத்து அக்கருவியின் தாங்கியில் வைத்தால் போதும். மறுமுனையில் பேசுபவரும், எங்கோ எண்ணெய் வயலில் கையில் வானொலிக் கருவியுடன் நிற்பவரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளலாம். கம்பியோடு கம்பி இணையவே இல்லை. ஆயினும், தன் வலையமைப்பில் அயலார் கருவி எதுவும் சேரக்கூடாது என்ற விதியைக் காட்டி, அன்று தொலைபேசித் துறையை ஆண்ட ஏடி அண்டு டி நிறுவனம் அதை எதிர்த்தது. வலையமைப்புக்குக் கேடு செய்யாத கருவியைப் பயனாளர் இணைத்துக்கொள்ளலாம் என்று அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் 1968-இல் தீர்ப்பளித்தது. ஆளில்லாதபோது பதிலளிக்கும் கருவி, தொலைநகல், கணினித் தகவலைத் தொலைபேசிக் கம்பி வழியே அனுப்பும் மோடம் ஆகியவற்றைத் தொலைபேசி நிறுவனத்துக்கு வெளியே இருந்தவர்கள் செய்து விற்கும் சந்தைக்கு அந்தத் தீர்ப்பு வழி திறந்தது. பின்னாளில் இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் இணையம் நுழைந்தது அந்த மோடத்தின் வழியாகத்தான். தீர்ப்பை எழுதியவர்கள் இணையத்தை மனத்தில் வைத்து எழுதவில்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதே ஆணையம் 1985-இல் இன்னொரு முடிவை எடுத்தது. மைக்ரோவேவ் அடுப்புகளின் மின்காந்த இரைச்சல் நிறைந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில அலைக்கற்றைகளில், குறிப்பிட்ட ஆற்றல் வரம்புக்கு உட்பட்டு, உரிமம் இல்லாமலேயே யாரும் தகவல்தொடர்புக் கருவிகளை இயக்கலாம் என்று அறிவித்தது. யாரும் பெரிதாக விரும்பாத அந்த அலைவெளியில்தான் வைஃபை பிறந்தது. அதற்கான முதல் தர வரையறை 1997-இல் வெளியானது. அலைக்கற்றை என்றாலே ஏலத்தொகை என்று எண்ணும் நிதி அமைச்சகங்கள் இந்த வரலாற்றை ஒருமுறை ஊன்றிப் படிக்க வேண்டும். ஏலத்தில் வரும் தொகை அந்த ஆண்டின் வரவுசெலவுக் கணக்கில் தெரிகிறது. உரிமமின்றித் திறந்துவிட்ட அலைவெளியில் முளைக்கும் தொழில்கள் எந்தக் கணக்கிலும் தனித் தலைப்பாக வருவதில்லை. அதனாலேயே அவற்றுக்காக வாதாட ஆளில்லாமல் போய்விடுகிறது.

காற்றில் செல்லும் அலையைத் திறந்துவிடலாம். மண்ணுக்குள் செல்லும் வடத்தை என்ன செய்வது? தகவலைச் சுமக்கும் ஒளியிழையின் உட்கரு ஏறத்தாழ 9 மைக்ரான் தடிமன்தான். தலைமுடியைவிடப் பலமடங்கு மெல்லியது. இழையின் விலை அற்பம். சாலையை வெட்டிக் குழாய் பதித்து மீண்டும் மூடுவதில்தான் செலவின் பெரும்பகுதி போகிறது. ஆகவே ஒரே தெருவை நான்கு நிறுவனங்கள் நான்கு முறை தோண்டுவது வீண். ஒரே நிறுவனம் தோண்டி, பிறரை உள்ளே விடாமல் இருப்பது அதைவிடக் கேடு. ஸ்டாக்ஹோம் நகராட்சி 1994-இல் ஸ்டோகாப் என்ற தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கி, ஒளியேற்றப்படாத இழைகளை, அதாவது சேவை நடத்தும் கருவிகள் பொருத்தாத வெறும் இழைகளை மட்டும் பதித்து, கேட்பவர் எவராயினும் சம நிபந்தனையில் வாடகைக்கு விட்டது. வீடுகளுக்கு இணையச் சேவை விற்கும் போட்டியில் அந்நிறுவனம் இறங்கவில்லை. பாதை பொதுவில், வண்டிகள் போட்டியில் என்ற இந்தப் பிரிவினைதான் நான் கண்டவற்றுள் மிகத் தெளிவான பிராட்பேண்ட் கொள்கை.

ஆஸ்திரேலியாவின் அனுபவம் வேறு வகையானது. வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு ஒளியிழையே நேரடியாகச் செல்லும் என்ற திட்டத்தை அந்நாடு 2009-இல் அறிவித்தது. 2013-இல் ஆட்சி மாறியதும், செலவைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் கடைசிப் பகுதிக்குப் பழைய செப்புக் கம்பியே போதும் என்று முடிவாயிற்று. 2020-இல் அத்தகைய வீடுகளுக்கும் ஒளியிழையைக் கொண்டுசெல்லும் பணியை அறிவிக்க நேர்ந்தது. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது. பாரத்நெட் என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. ஊராட்சி அலுவலகம்வரை வடம் வந்த பல ஊர்களில், அங்கிருந்து வீட்டுக்கும் பள்ளிக்கும் தொழிற்கூடத்துக்கும் போகும் இணைப்பு காலத்தோடு வந்து சேரவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதையாக இதைச் சொல்வதில் எனக்கு வருத்தமே மிகுதி.

பின்லாந்து 2010 ஜூலை முதல் நாளிலிருந்து, நொடிக்கு 1 மெகாபிட் வேக இணைப்பை ஒவ்வொருவரின் சட்ட உரிமையாக்கியது. வேகம் சிறிதுதான், ஆனால் கொடுக்கும் கடமை யாருக்கு என்பது அன்றே தெளிவாகிவிட்டது.

உரிமை என்று எழுதும்போது ஓர் எண்ணைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அமெரிக்க ஆணையம் 2015-இல் வகுத்த வரையறைப்படி, நொடிக்கு 25 மெகாபிட் பதிவிறக்கமும் 3 மெகாபிட் பதிவேற்றமும் இருந்தால் அது பிராட்பேண்ட். 2024-இல்தான் அது 100, 20 என்று உயர்ந்தது. பெறுவதற்கு அகலமான வாயிலும் அனுப்புவதற்கு ஒரு துளையும் வைத்த அந்தப் பழைய வரையறை, மக்களைப் பார்ப்பவர்களாகவும் வாங்குபவர்களாகவும் மட்டுமே கணக்கிட்டது. சிறிய மருத்துவமனை ஒன்று 300 மெகாபைட் அளவுள்ள ஸ்கேன் படங்களைத் தொலைவிலிருக்கும் நிபுணருக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஒரு பைட் என்பது எட்டு பிட் ஆதலால், 3 மெகாபிட் வேகத்தில் அது போய்ச்சேர 13 நிமிடங்களுக்கு மேலாகும். 20 மெகாபிட் வேகத்தில் 2 நிமிடம். கொள்கை ஆவணங்களை எழுதும் பொறுப்பில் உள்ளவர்கள், அடிக்குறிப்பில் கிடக்கும் இந்தப் பதிவேற்ற எண்ணை முதல் பக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று இந்த மேடையில் கேட்டுக்கொள்கிறேன்.