எந்தப் பொம்மை உன்னைப் போல இருக்கிறது?

வணக்கம். பிள்ளைகள் தங்கள் நிறத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று பேச, பொம்மையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நான் எங்கே பேசப் போனாலும் இதில்தான் வந்து நிற்பேன், வீட்டில் கேலி செய்கிறார்கள், பரவாயில்லை.

1940களில் அமெரிக்காவில் மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்று ஒரு தம்பதி, இருவருமே கறுப்பின உளவியலாளர்கள். நான்கு பொம்மைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். நான்கும் ஒரே மாதிரி, நிறம் மட்டும்தான் வேறு: இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. எதிரே மூன்றிலிருந்து ஏழு வயது வரையிலான கறுப்பினப் பிள்ளைகள், மொத்தம் 253 பேர். எதோடு விளையாடப் பிடிக்கும், எது நல்ல பொம்மை, எது பார்க்க நன்றாக இல்லை என்று கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் வெள்ளையை நல்லது என்றார்கள், நன்றாக இல்லாதது என்று பழுப்பைக் காட்டினார்கள். கடைசிக் கேள்விதான் என்னைத் தூங்கவிடாதது: இதில் எது உன்னைப் போல இருக்கிறது? சற்றுமுன் வேண்டாமென்று ஒதுக்கிய அதே பொம்மையை இப்போது அந்தப் பிள்ளை எடுக்க வேண்டும். சிலர் அழுதார்கள், அறையைவிட்டு ஓடியவர்களும் உண்டு.

வெள்ளைதான் நல்லது என்று மூன்று வயதுப் பிள்ளையை உட்காரவைத்து யாராவது பாடமா நடத்தியிருப்பார்கள்? இல்லை. பள்ளிகளில் நிறம் பார்த்துப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது இந்த ஆய்வையும் கணக்கில் எடுத்தது. அந்தக் கதை பெரிது, இன்னொரு நாள்.

அதே தம்பதி பிள்ளைகள் கையில் கிரேயானும் கொடுத்துப் பார்த்தார்கள். இலை, ஆப்பிள் எல்லாம் சரியாகத்தான் தீட்டினார்கள். 'இது நீ, உன் நிறத்தைப் பூசு' என்றதும் சிலர் தங்களைவிட வெளுத்த நிறத்தைத் தேடினார்கள், சிலர் சம்பந்தமே இல்லாத நிறத்தைப் பூசினார்கள். சரி, பிள்ளையை எப்படிக் குறை சொல்வது? அங்கே பிரபலமான கிரேயான் டப்பாவில் வெளிர்நிறக் குச்சி ஒன்றுக்கு 1962 வரை பெயரே 'சதை நிறம்'. யாருடைய சதை?

அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், 'நீ அழகுதான் கண்ணு' என்று வாயால் சொல்வது மட்டும் போதாது, கைக்கு எட்டும் பொருளும் அதையே சொல்ல வேண்டும். பொம்மை, படக்கதை, கிரேயான். (நாமும்தான், 'கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்கிறோம், அந்த 'இருந்தாலும்' எதற்கு?) பள்ளியில் எவனோ நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தான் என்று பிள்ளை வந்து நின்றால், 'கண்டுக்காதே' என்று அனுப்பிவிடாதீர்கள். முழுக்கக் கேளுங்கள், அப்புறம் தப்பு அவன் மேல், உன் மேல் இல்லை என்று அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள்.

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். தலைமுடி பற்றித் தனியாகப் பேச வைத்திருந்தேன், ஒன்றே ஒன்று மட்டும். 2009இல் வெள்ளை மாளிகைக்கு வந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவன், என் முடியும் உங்கள் முடியும் ஒரே மாதிரியா என்று ஒபாமாவிடம் மெல்லக் கேட்டான். தொட்டுப் பார் என்று குனிந்தார் அவர். பையன் தொட்டுப் பார்த்தான். ஆமாம், ஒரே மாதிரிதான் என்றான்.