வரப்புத் துத்தியைத் திருப்பிப் பாருங்கள்

(தே.கல்லுப்பட்டிப் பக்கம் பருத்தி விவசாயிகள் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

வரும் வழியில் உங்கள் கண்மாய்க் கரையில் ஒரு துத்திக் கொப்பை ஒடித்து வந்தேன். பையைப் பிரிக்காமல் கைமாற்றிப் பாருங்கள். மேலே வாடித் தொங்குகிற இலைதான். அடியில் நரம்போரமாக மாவு அப்பியிருக்கிறது, எறும்பு ஏறி இறங்குகிறது. மாவுப்பூச்சி.

துத்தியும் பருத்தியும் வெண்டையும் ஒரே குடும்பம், பங்காளிகள். ஒன்றில் அண்டும் மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் புள்ளிக் காய்ப்புழுவும் மற்றதிலும் அண்டும்.

மழை பொய்த்தால் பூச்சியும் செத்துப்போகும் என்கிறோம். பாதிதான் சரி. தண்ணீர் குறைந்த செடி வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். புரதமாகக் கட்டவேண்டிய சத்து, அமினோ அமிலமாகச் சாற்றிலேயே தங்கிவிடும். சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அது ஆக்கி வைத்த சோறு. அடித்துக் கழுவிவிடப் பெருமழையும் கிடையாது. ஆனால் செடி ஒரேயடியாகக் காய்ந்தால் பூச்சிக்கும் சாறு கிடைக்காது. வாடுவதும் ஒரு தூறலில் நிமிர்வதுமாகச் செடி தவிக்கிற வறட்சிதான் அதற்கு யோகம்.

அப்புறம் துத்தியும் கருகும். பூச்சி எங்கே போகும்? 2016 வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த மாதிரிக் காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக நிற்பது கிணற்றுப் பாசனத் தோட்டம் மட்டும்தான். வெள்ளை ஈ பறந்து வரும். வெண்டைக்கு மஞ்சள் நரம்புத் தேமல் நோயையும் கொண்டுவரும். மாவுப்பூச்சிக் குஞ்சு காற்றில் வரும், ஆட்டு மயிரில் வரும், நம் வேட்டியில்கூட ஒட்டி வரும். கடன் வாங்கி இறைத்த தண்ணீரில் வளர்ந்த செடியை அது தின்பதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் பூச்சி ஏறிய துத்தியை விதைப்புக்கு முன்பே வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பயிர் வளர்ந்தபின் வெட்டி வரப்பில் போட்டால், நாமே பூச்சியைப் பயிருக்கு அனுப்பிவைப்பதாகிவிடும்.

துத்தியை எதிரியாக்க நான் வரவில்லை. மூலத்துக்கு அந்தக் கீரையைத்தானே வதக்கித் தின்கிறோம்! வெட்டுமுன் மாவுக்குள் உற்றுப் பாருங்கள். பழுப்பாக, உப்பி, கெட்டியாகச் சில பூச்சிகள் இருந்தால் உள்ளே குளவிக் குஞ்சு வளர்கிறது. அது மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று, ஓட்டில் துளையிட்டு வெளியேறும். அப்படிப்பட்ட கொப்பை மட்டும் எரிக்காதீர்கள், மருந்தும் அடிக்காதீர்கள்.

சரி, பை கடைசி வரிசைக்குப் போய்விட்டதா? கொப்பைக் கீழே போட்டுவிடாமல் பையோடு என்னிடமே கொடுங்கள்.